அவர் செய்ததை நான் செய்ததாக

நாற்பது வயதாக ஏழு மாதம் இருந்தது. ஐந்து மதிப்பெண் குறைந்தது. அந்த வருஷம் முழுக்க இந்த இரண்டு எண்களுக்கு நடுவே ஓடினேன், சானடோரியத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் சிக்னல் விழாமல் நின்று நின்று ஓடும் மின்சார ரயில் மாதிரி. இறங்கி நடந்தால் சீக்கிரம் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் யாரும் இறங்குவதில்லை.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டை ஒட்டிய தெருவில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில், அந்த ஆலோசகரின் அலுவலகம். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோக விரும்புகிறவர்களை மதிப்பெண் போட்டு எடுக்கிறார்கள். வயதுக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை, வேலை பார்த்த வருஷங்களுக்கு இத்தனை. அவர் ஒரு தாளில் எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் கணவர் தலைகீழாகவே படித்து அவருக்கு முன்னால் கூட்டி முடித்துவிட்டார்.

"அஞ்சு கம்மி," என்றார் கணவர்.

"அஞ்சு கம்மிதான் சார். பாஸ் மார்க் வந்துடுச்சு. ஆனா பாஸ் மார்க் வேற, கூப்பிடற மார்க் வேற. அதுவும் மேடத்துக்கு நாப்பது பொறந்துட்டா வயசுல பத்து போயிடும். மத்தவங்க பர்த்டேக்கு கேக் வெட்டுவாங்க, இவங்களுக்கு மார்க்கை வெட்டுவாங்க." அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் போட்டார். "ஃபைலை ஸ்ட்ராங் பண்ணணும்."

ஆங்கிலத் தேர்வை ஏற்கெனவே இரண்டு முறை எழுதி, இதற்கு மேல் ஏறாது என்ற இடத்துக்கு நான் வந்திருந்தேன். கணவரும் எழுதி, துணைவருக்குரிய மதிப்பெண்ணையும் வாங்கிவிட்டோம். மிச்சம் இருந்தது அனுபவம். ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரப்பிரிவில் அப்போது எனக்கு ஐந்தரை வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் மகளுக்காக வீட்டில் இருந்த ஒன்றரை வருஷம். அதற்கும் முன்னால் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் நான்கு வருஷம். அந்த நான்கும் பொறியாளர் வேலைதான் என்று காட்டிவிட்டால் எட்டைத் தாண்டும்; எட்டைத் தாண்டினால் ஐந்து ஏறும்.

"அங்க என் பதவி பேரு இன்ஸ்பெக்டர்னுதான் இருக்கும்," என்றேன்.

"பேரைப் பத்திக் கவலைப்படாதீங்க மேடம். என்ன வேலை செஞ்சீங்கன்னுதான் அவன் பார்ப்பான். கம்பெனி லெட்டர் கிடைக்குமா?"

கிடைக்காது. முதலாளி கம்பெனியை மூடிவிட்டுக் கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார். அந்த ஷெட்டில் இப்போது தண்ணீர் கேன் அடுக்கியிருக்கிறார்கள்.

"அப்ப கூட வேலை செஞ்சவங்க யாராவது அஃபிடவிட் கொடுக்கட்டும். நீங்களே டிராஃப்ட் பண்ணிடுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. நாங்க பண்ணோம், டீம் பண்ணுச்சுன்னு எல்லாம் எழுதக் கூடாது. இவங்க பண்ணாங்கன்னு இருக்கணும்."

படியிறங்கி வரும்போது மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். கணவர் கேட்டார்: "யார் கிட்ட வாங்குவ?"

"ஒருத்தர் இருக்கார்," என்றேன்.

இருந்தார். ஒருத்தர்தான் இருந்தார்.

அந்தக் கம்பெனியில் அளவு அறை என்று ஒன்று உண்டு. வெளியே லேத்துகளும் மில்லிங் இயந்திரங்களும் எண்ணெய் துப்பிக்கொண்டிருக்க, கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே வந்தால் குளிரும் அமைதியும். நடுவில் கறுப்புக் கருங்கல் மேடை. அதன்மேல் பாலம்போல் நகரும் அளவு இயந்திரம். அதன் நுனியில் குன்றிமணி அளவுகூட இல்லாத ஒரு சிவப்புக் கல். அது இரும்பை மெல்லத் தொட்டுத் தொட்டு, இங்கே இருக்கிறாய், இங்கே இருக்கிறாய் என்று சொல்லும். வேகமாக மோதினால் உடைந்துவிடும். அந்த அறையை நான் நேசித்தேன். ஆனால் அந்த இயந்திரத்தை ஓட்டியது நானில்லை.

ஓட்டியவர் என்னைவிட மூன்று வயது இளையவர். படப்பைக்கு அந்தப் பக்கம் வீடு. டிப்ளமோ படித்தவர். இயந்திரம் வந்து இறங்கியபோது இரண்டு நாள் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கும் அவருக்கும் சேர்த்துத்தான். நான் குறிப்பெடுத்தேன். அவர் குறிப்பெடுக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் முதல் புரோகிராம் எழுதியதெல்லாம் அவர். ஆய்வறிக்கையில் கையெழுத்துப் போட்டது நான். எங்கள் கம்பெனியில் அதுதான் நடைமுறை. பொருள் வாங்கும் பெரிய கம்பெனிக்காரர்கள் அறிக்கையில் பட்டதாரியின் கையெழுத்தைக் கேட்டார்கள். அளந்தவர் என்ற கட்டத்தில் ஷிஃப்டின் எழுத்து மட்டும் இருக்கும்: ஏ, பி, சி. அதற்குக் கீழே என் முழுப்பெயர், முதலெழுத்தோடு. நான்கு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தாள் என்று தெரியாது. ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. அதில் எனக்கு அப்போது வித்தியாசமாக எதுவும் படவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு முறை கியர் பெட்டியின் மூடி ஒன்று தொடர்ந்து திரும்பி வந்தது. எங்களிடம் அளந்தால் துளை சரியாக இருக்கிறது, அவர்களிடம் போனால் கோணலாக இருக்கிறது. முதலாளி கத்தினார். இயந்திரத்தை விற்றவர்களைக் கூப்பிடலாம் என்று நான் சொன்னேன். இயந்திரத்தை ஓட்டியவரோ அந்த மூடியை இரண்டு நாள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரி எனக்கு ஞாபகம். மூன்றாம் நாள் வந்து சொன்னார்:

"மேடம், மெஷின் தப்பு இல்ல. நாம புடிக்கிற புடிதான் தப்பு. இறுக்கிப் புடிச்சா வட்டமா கீது. வுட்டா முட்டை ஆயிடுது."

பழைய இரும்புத் துண்டுகளில் மூன்று கால் செய்து, அதன்மேல் மூடியை இறுக்காமல் உட்கார வைத்து அளந்து காட்டினார். கோணல் தெரிந்தது. பெரிய கம்பெனியிலிருந்து மூன்று பேர் அதைப் பார்க்க வந்தார்கள். நான் ஸ்லைடு போட்டு விளக்கினேன். அவர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பாகங்களை எடுத்துக் கொடுத்தார். வந்தவர்களில் ஒருவர், இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். "எங்க மேடம்தான்," என்றார் முதலாளி.

"எல்லாரும் சேர்ந்துதான் சார்," என்றேன். சில வாக்கியங்களை, கேட்பவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்ளும்படி ஒரு குரலில் சொல்ல முடியும். அந்தக் குரலில் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சேலையூர் வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு, அந்த உறுதிமொழியை எழுத உட்கார்ந்தேன். அன்று காலை சபையில் ஒரு குடும்பத்தை எழுந்து நிற்கச் சொன்னார்கள். மெல்போர்னுக்குப் போகிறார்கள், ஸ்தோத்திரக் காணிக்கை படைத்திருக்கிறார்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பிள்ளைகளின் காலில் புது ஷூ. ஒரு வருஷத்தில் நான்காவது குடும்பம். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தோம். நான் சிரித்த சிரிப்பை யாராவது அளந்திருந்தால் தெரிந்திருக்கும். ஏன் போக வேண்டும் என்று கேட்டால் மகளின் படிப்பு, தண்ணீர், சாலை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வரிசையில் எழுந்து நிற்க வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்தது. எந்த இடத்திலும் நிம்மதியாக உட்கார முடியாத கால்கள் எனக்கு. அதற்கு ஒரு பெரிய பெயர் வேண்டியிருந்தது.

எழுத எழுதக் கை சூடு பிடித்தது. அளவு இயந்திரத்துக்குப் புரோகிராம் எழுதினார். அளவைப் பிழையின் காரணத்தைக் கண்டறிந்தார். பாகத்தைத் தாங்கும் புதிய அமைப்பை வடிவமைத்தார். ஒவ்வொரு வாக்கியத்திலும் நான். ஒவ்வொன்றுக்கும் சான்று இருந்தது. என் கையெழுத்துப் போட்ட அறிக்கைகளின் நகல்களை ஒரு கோப்பில் பத்திரமாக வைத்திருந்தேன். பொய்க்கு இத்தனை நிஜமான தாள்கள் துணை நிற்கும் என்று அதுவரை தெரியாது.

கணவர் வாங்கிப் படித்தார். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருப்பவர், எந்தத் தாளையும் கடைசி வரி வரை படிப்பார்.

"இவ்ளோ பண்ணியிருக்கியா நீ? சொன்னதே இல்லையே."

"சொன்னா புரியுமா உங்களுக்கு?"

அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அப்படி அவர் என்னைப் பார்த்த சமயங்கள் குறைவு. நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

படப்பையில் ஒரு பேக்கரியில் அந்தப் பழைய சகாவைச் சந்தித்தேன். அவரும் இப்போது ஒரகடம் பக்கம்தான், வேறு கம்பெனியில். அன்று அவருக்கு வார விடுமுறை. கம்பெனி மூடிய அன்றிலிருந்து மேடம் என்பதை விட்டு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

"இன்னாக்கா, கங்காரு பாக்கக் கெளம்பிட்டீங்களா? சொல்லவே இல்ல."

தாளை நீட்டினேன். டீ வந்தது. அவர் மெதுவாகப் படித்தார், உதடு லேசாக அசைய. முதல் பக்கத்தைத் திருப்பினார். இரண்டாம் பக்கத்தில் நின்றார். நான் கடைக்கு வெளியே காஞ்சிபுரம் பஸ் ஒன்று ஆள் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த முட்டை மேட்டரும் உங்குளுதா ஆயிடுச்சா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"ஃபார்மட் அப்படி. தனியாப் பண்ண மாதிரி எழுதணுமாம்."

"ஓ. ஃபார்மட்டா."

பன்னை டீயில் நனைத்துச் சாப்பிட்டார். அவசரப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நான் தாளை வாங்கிக் கிழித்திருப்பேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது தெரியாது. அவர் கோபப்படவில்லை.

"அக்கா, இங்க ஒண்ணு தப்பா கீது. சூட்டுக்கு ஏத்த மாரி மெஷினே கணக்குப் போட்டு சரி பண்ணுச்சுன்னு எழுதிக்கீறீங்க. நம்ம மெஷின்ல அது ஏது? ஏசிய இருபதுல வச்சி, பார்ட்டை ரெண்டு மணி நேரம் உள்ள ஊற வப்போம். அப்பறம்தான் அளப்போம். அத்த எழுதுங்க. படிக்கிறவனுக்கு விஷயம் தெரிஞ்சா இதுல மாட்டிப்பீங்க."

என்னிடமே பேனா வாங்கி ஓரத்தில் குறித்தும் கொடுத்தார். அவருடைய வேலையை நான் திருடும்போது, அதைச் சரியாகத் திருடும்படி திருத்திக் கொடுத்தார். அப்படித்தான் அதைச் சொல்ல முடிகிறது.

அடுத்த வாரம் அவரும் நானும் தாம்பரம் கோர்ட் பக்கத்தில் நோட்டரி வக்கீலிடம் போனோம். வக்கீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "இதுல எழுதியிருக்கறது எல்லாம் உண்மைதானே? படிச்சுப் பாத்தியா?"

"படிச்சேன் சார். நானே பண்ண மாரி அவ்ளோ கரெக்டா கீது."

வக்கீல் முத்திரையை ஓங்கிக் குத்தினார். நான் கைப்பையில் எதையோ தேடினேன்.

இரண்டு மாதத்தில் என் அனுபவம் முழுவதையும் ஏற்றுக்கொண்டு கடிதம் வந்தது. ஐந்து மதிப்பெண் ஏறியது. அழைப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் என் பெயரும் சேர்ந்தது. ஆலோசகர் இனிப்புக் கொடுத்தார். அந்த மாதத்திலேயே ஒரு நாள் மாலை படப்பையிலிருந்து அவர் போனில் கூப்பிட்டார்.

"அக்கா, உங்குளுதுக்கு ஓடுனதுல எனக்கும் ஆசை வந்துடுச்சி. டிப்ளமோகாரங்களுக்குன்னு ஒரு பிரிவு கீதாமே. கேட்டுப் பாத்தேன். அந்த நாலு வருஷம் இல்லாம எனக்கு மார்க் பத்தாது. நீங்கதான் லெட்டர் குடுக்கணும். நான் குடுத்த மாரியே."

"குடுக்கறேன். கண்டிப்பா," என்றேன்.

மறுநாள் ஆலோசகரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மேடம், அவர் என்ன சத்தியம் பண்ணியிருக்கார்? இதெல்லாம் நீங்க பண்ணீங்கன்னு. இப்ப நீங்க, இதெல்லாம் அவர் பண்ணார்னு சத்தியம் பண்ணப் போறீங்க. ஒரே கம்பெனி, ஒரே மெஷின், ஒரே வருஷம். ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒருத்தன் படிச்சா? உங்களுக்கு மூணு வருஷத்துக்கு வாசலே திறக்காது. அழைப்பு வர்ற வரைக்கும் தள்ளிப் போடுங்க. ஊர்ல இல்லைன்னு சொல்லுங்க."

தள்ளிப் போட்டேன். முதலில் ஆடிட் என்றேன். பிறகு மகளுக்குக் காய்ச்சல் என்றேன். அவளுக்குக் காய்ச்சல் இல்லை, அதைச் சொன்ன அன்று அவள் தெருவில் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தாள். பிறகு அவர் போனையே எடுப்பதில்லை. வாட்ஸாப்பில் செய்தி வரும். "அக்கா, ஒண்ணும் அவசரம் இல்ல. ஃப்ரீயா கீறப்ப சொல்லுங்க." நான் படித்தேன் என்பது அவருக்குத் தெரியக் கூடாதென்று நீலக் குறி வராமல் அமைத்து வைத்தேன். ஒரு நாள் தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில், எதிரே கூட்டத்தில், அவரும் அவர் மனைவியும் வருவதைப் பார்த்தேன். மனைவி கையில் துணிக்கடைப் பை. நான் சட்டெனத் திரும்பி, கொய்யாப்பழம் விற்கும் அம்மாளுக்கு முன்னால் உட்கார்ந்து பழம் பொறுக்க ஆரம்பித்தேன்.

"எடுத்ததையே எடுத்து எடுத்து வக்கிறியேம்மா. வாங்கப் போறியா, தடவிக் குடுக்கப் போறியா?" என்றாள் அந்த அம்மாள்.

அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் நடந்து போனார்கள். அவர் ஏதோ சொல்ல மனைவி சிரித்தது கேட்டது. என்னைப் பற்றி இருக்காது. ஆனாலும் காது எரிந்தது.

என் பிறந்த நாளுக்கு ஐந்து வாரம் இருந்தபோது அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சனிக்கிழமை காலை. கணவர்தான் கதவைத் திறந்தார். வந்தவர் செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

"தொந்தரவு பண்றேன்க்கா. எனக்குப் புரிஞ்சிச்சி நீங்க ஏன் தயங்கறீங்கன்னு. என் ஏஜெண்டு சொன்னான். ரெண்டும் மோதிக்கும்னு. அதான் நானே எழுதிகினு வந்துட்டேன், மோதாத மாரி."

தாளை வாங்கினேன். அவர் மனைவி தட்டச்சு செய்திருக்க வேண்டும். சுத்தமாக இருந்தது. மேற்படி பொறியாளரின் வழிகாட்டுதலின்படி அளவெடுக்க உதவினார். மேற்படி பொறியாளர் வடிவமைத்த அமைப்பைத் தயாரிக்க உதவினார். பாகங்களைச் சுத்தம் செய்து அறையில் வைத்தார். மேற்படி பொறியாளர் நான். என் பொய்க்கு இடைஞ்சல் வராதபடி தன்னைச் சுருட்டி ஒரு மூலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. உதவினார், உதவினார் என்று எழுதிய கடிதம் அவருக்கு எதையும் வாங்கிக் கொடுக்காது. அவர் கேட்கும் பிரிவுக்கே, தானாக முடிவெடுத்துச் செய்த வேலை வேண்டும். என் கோப்புக்காக அந்த விதிகளை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். சொல்லியிருக்கலாம். இதைக் கொடுக்காதீர்கள், இது உங்களைக் கீழே தள்ளும் என்று ஒரு வாக்கியம். சொன்னால், சரி அப்ப உண்மைய எழுதுங்க என்பார். காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் இருந்தது. ஐந்து வாரம்தான் இருந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றேன்.

"வூட்டுக்காரம்மாதான். அவங்க பிகாம்."

இரண்டு இடத்தில் ஆங்கிலப் பிழை இருந்தது. அதைத் திருத்தினேன். கையெழுத்துப் போட்டேன். அவர் காபி குடித்தார், மகளிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டார், கிளம்பினார். கணவர் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, "நல்ல மனுஷன். உன் மேல என்ன மரியாதை பாரு," என்றார்.

பிறந்த நாள் வந்தது. அழைப்பு வரவில்லை. அந்த மாதம் எங்கள் தொழிலுக்கு யாரையும் கூப்பிடவில்லையாம். ஆலோசகர் அதைத் தானே தவறு செய்ததுபோல் வருத்தத்தோடு சொன்னார். பத்து மதிப்பெண் போனது. அங்கே ஏதாவது ஒரு மாநிலம் தனியாகக் கூப்பிட்டால் உண்டு, ஃபைலை மூட வேண்டாம், இருக்கட்டும் என்றார். கணவர் அன்று கேக் வாங்கி வந்தார். மகள் மெழுகுவர்த்தி ஏற்றினாள். சபையிலிருந்து வாழ்த்தி ஜெபிக்கப் போனில் கூப்பிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்துப் படப்பையிலிருந்து அவர் ஒரு படம் அனுப்பினார். அவருடைய விண்ணப்பத்துக்கு வந்த பதில். அந்த நான்கு வருஷத்தை எடுத்துக்கொள்ள முடியாது. காட்டியிருப்பது உதவியாளர் நிலையிலான பணி. மறுபரிசீலனை கேட்க அவகாசம் உண்டு. படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: பரவாயில்லக்கா.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு என்னால் மூன்று நாள் சரியாகச் சோறு தின்ன முடியவில்லை. சபையில் பாவ அறிக்கை சொல்லும்போது மற்றவர்களோடு சேர்ந்து வாயசைத்தேன். பொதுவாகச் சொல்லும் பாவத்தில் என்னுடையது ஒளிந்துகொள்ள நல்ல இடம் இருந்தது. பிறகு உட்கார்ந்து எழுதினேன். நிஜத்தை. புரோகிராம் எழுதியது இவர். பிழையைக் கண்டுபிடித்தது இவர். மூன்று கால் அமைப்பு இவருடைய யோசனை. நான் இயந்திரத்தை விற்றவர்களைக் கூப்பிடச் சொன்னேன். என் கையெழுத்து அறிக்கைகளில் இருப்பதன் காரணம் இது. முன்பு என் விண்ணப்பத்தில் சொன்னது தவறு. மூன்று பக்கம். எழுதி முடித்ததும் உடம்பு லேசானது. காய்ச்சல் இறங்கிய மறுநாள் காலை போல இருந்தது. கணவரிடம் காட்டினேன். கடைசி வரி வரை படித்தார். திருப்பிக் கொடுத்தார். அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை.

படப்பையைத் தாண்டி உள்ளே போகும் சாலையில் அவர் வீடு. புதிதாகக் கட்டி வெளிப்பூச்சு பூசாத மாடி. அவர் மனைவி கதவைத் திறந்தார், நாற்காலி போட்டார், டீ வைக்கப் போனார். அவரும் வீட்டில் இருந்தார்; மதியம் ஷிஃப்ட், சீருடை போட்டிருந்தார். தாளைக் கொடுத்தேன்.

"யாரு எழுதச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. நானேதான்."

படித்தார். உதடு அசைந்தது. இரண்டாம் பக்கத்தில் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். தன்னுடைய ஒன்றைத் தாளில் முதன்முறையாகப் பார்க்கிற முகம். "இத்த கரெக்டா எழுதிக்கீறீங்க. அந்த மூணு கால். ஸ்கிராப்ல எடுத்தது வரைக்கும்," என்றார். நான் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அழ வேண்டும் என்று விருப்பமாகவும் இருந்தது.

அவர் மடித்து மேஜைமேல் வைத்தார்.

"இத்த அனுப்புனா இன்னா ஆவும்க்கா?"

"என் ஃபைலை மூடிடுவாங்க. பரவாயில்லை. நான் அதுக்குத் தயாராத்தான் வந்திருக்கேன்."

"உங்குளுது சரி. எனக்கு?"

எனக்கு விளங்கவில்லை.

"நோட்டரிகிட்ட சத்தியம் பண்ணது யாரு? நானு. இவங்கதான் பண்ணாங்கன்னு கையெழுத்து போட்டவன் நானு. இப்ப நீங்க வந்து, இல்ல, அவருதான் பண்ணாருன்னு சொன்னா, பொய் சத்தியம் பண்ணவன் யாரு ஆவான்? உங்க ஃபைலோட என் பேரும்தானே மாட்டும். அப்பறம் அந்த நாடு இல்ல, எந்த நாடும் எனக்குக் கெடையாது."

மூன்று பக்கம் எழுதினேன். இதை அனுப்பினால் எனக்கு என்ன ஆகும், மகளுக்கு என்ன ஆகும், கணவர் என்ன சொல்வார், சபையில் என்ன சொல்வார்கள் என்று நூறு முறை யோசித்திருந்தேன். அவருக்கு என்ன ஆகும் என்று ஒரு முறைகூட யோசிக்கவில்லை. அவருக்காகத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டே யோசிக்கவில்லை.

அவர் மனைவி டீயை என் முன்னால் வைத்தார். "அவரைப் பத்தி அவரைக் கேக்காமயே எழுதறது உங்களுக்கு வழக்கமாயிடுச்சு போல," என்றார். குரலை உயர்த்தவில்லை.

"ஏய், சும்மா இரு. அக்கா நல்லதுக்குத்தான் எழுதிகினு வந்தாங்க."

"நான் கெட்டதுக்குன்னு சொன்னேனா?"

டீயைக் குடித்தேன். குடிக்காமல் எழுந்தால் அது வேறொன்றாக ஆகிவிடும். அவர் தாளை எடுத்து, நான் கொண்டுவந்த உறையிலேயே போட்டு, என் கையில் கொடுத்தார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. நான் இனிமே வேற கணக்குதான் போடணும். இந்தக் கம்பெனில இப்ப கையெழுத்து நானே போடறேன். அத்த வச்சி எப்பவாவது பாக்கலாம். அந்த நாலு வருஷம் போனது போனதுதான்."

"நான் ஏதாவது பண்ண முடியுமா?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று. "இல்லக்கா," என்றார்.

வாசல் வரை வந்தார். அவருடைய பைக் நிழலில் நின்றது; அவரும் படப்பை வழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும். "பஸ் ஸ்டாப்புக்கு வழி தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். வெயிலில் நடந்தேன். பாதி வழியில் பைக் சத்தம் பின்னால் வந்து, என்னைத் தாண்டி, வேகம் குறையாமல் போனது. அவர் ஒரு கையை உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன்.

மறுநாள் காலை மருந்துக்கடை மாடிக்குப் போய், பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அதனால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்கப் போவதில்லை என்று தெரிந்துதான் சொன்னேன். ஆலோசகருக்கு வருத்தம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடலாமா, ஃபைல் இப்போது எத்தனை ஸ்ட்ராங்காக இருக்கிறது தெரியுமா என்றார். பிறகு கணினியைத் திருப்பிக்கொண்டு, விலகுவதற்குக் காரணம் என்ன போடட்டும் என்று கேட்டார்.

வீட்டுச் சூழ்நிலை என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார்.